நாத்தனாரின் கோல்ஃப் நோட்டு

கோல்ஃப் என்றதும் "இது பணக்கார ஆம்பிளைங்க சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! எழுதுகிறவளும் சாணார்பட்டிக்காரிதான். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில், சிறுமலையைப் பார்த்தபடி, மாந்தோப்பும் புளியமரமுமாக இருக்கிற ஊர். இங்கே பந்து என்றால் பையன்கள் தரிசில் ஆடுகிற கிரிக்கெட். குழி என்றால் தென்னம்பிள்ளை வைக்கத் தோண்டுவது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ? 1895-ல் ஆரம்பித்த ஒரு கோல்ஃப் கிளப் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கொடைக்கானலில், தூண்பாறைக்குப் போகிற வழியில். பஸ்ஸிலோ வேனிலோ போகும்போது "அட, என்ன அழகா புல்லு வளர்த்திருக்காங்க!" என்று எட்டிப் பார்த்துவிட்டு, பச்சைப் பள்ளத்தாக்கில் இறங்கிச் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வருகிறோமே, அந்தப் புல்வெளிதான். 125 வருடத்துக்கு மேலாக அங்கே ஆட்டம் நடக்கிறது. நாம் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம்.

என் கடைசி நாத்தனார் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளால்தான் இந்தக் கட்டுரை.

அவள் கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். வயது 46. பையன் ஹாஸ்டலில், பெண் கல்யாணமாகிப் போயாச்சு. நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும்படி ஆயிற்று. உடம்பு தேறினதும், "தினமும் நடங்கம்மா, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தெருவில் நடந்தால் நாய்த் தொல்லை. மொட்டை மாடியில் நடந்தால் தலை சுற்றுகிறது. அவள் வீட்டுக்காரருக்குக் கம்பெனி மூலமாக கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிற வசதி உண்டு. "சரி, என் கூட வந்து புல்லுல நட" என்று கூட்டிப்போயிருக்கிறார். மூன்று மாதம் அவர் பின்னாலேயே சும்மா நடந்தவள், ஒருநாள் "அந்தக் குச்சியை இங்க குடுங்க பாப்போம்" என்று வாங்கினாளாம். முதல் அடியில் பந்து அசையவே இல்லை. புல்தான் பெயர்ந்து வந்ததாம். அதற்கும் அவருக்கு அபராதம் இல்லை, இவளுக்குத்தான் வெறி பிடித்துவிட்டது!

இந்தப் பொங்கலுக்கு வந்தபோது அவள் பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே "இந்த வருஷம்" என்று எழுதி ஆறேழு வரி. கடைசிப் பக்கத்தில் "போக வேண்டிய ஊர்கள்" என்று இன்னொரு பட்டியல். நமக்கெல்லாம் நோட்டு என்றால் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மொய்க் கணக்கு. தனக்கென்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிற பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எழுதிக்கங்க மதினி, பேரு மட்டும் போடாதீங்க" என்று அவள் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கிருந்து பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் விழவைக்க வேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குலம். பந்தின் எடை 46 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு முட்டையைவிடக் குறைவு. ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு நூறு, இருநூறு, நானூறு, ஐநூறு கஜம் என்று தூரம் மாறும். நன்றாக ஆடுகிறவர் இந்தக் குழியை மூன்று அடியில் போடுவார், இதை நாலு அடியில், இதை ஐந்து அடியில் என்று முன்கூட்டியே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்கு "பார்" என்று பெயர். 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 வரும். யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தவர். சமையல்கட்டில் எண்ணெய் செலவழிக்கிற மாதிரி, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

அளவைவிட ஓர் அடி குறைத்துப் போட்டால் "பேர்டி". ஓர் அடி கூடிப்போனால் "போகி". எங்கள் அத்தை இதைக் கேட்டுவிட்டு, "போகின்னா பழசைக் கொளுத்துறதுல்ல?" என்றார்கள். நாத்தனார் சொன்னாள், "ஆமாம்மா, போன குழியில அடிச்சதை அங்கயே கொளுத்திட்டுத்தான் அடுத்த குழிக்குப் போகணும்." பரவாயில்லையே, நன்றாகத்தான் தேறியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டில் முதல் வரி: "ஒரு தடவையாவது நூறுக்குள் முடிக்க வேண்டும்."

போன வருடம் அவள் சராசரியாக 112 அடி எடுத்திருக்கிறாள். 72 எங்கே, 112 எங்கே என்று நமக்கு மலைப்பாக இருக்கும். அவள் போட்டுக் காட்டிய கணக்கைப் பாருங்கள். 9 குழியில் ஓர் அடி கூடிப்போகட்டும். மீதி 9 குழியில் இரண்டு அடி கூடிப்போகட்டும். ஒன்பதும் பதினெட்டும் இருபத்தேழு. எழுபத்திரண்டோடு சேர்த்தால் 99! ஆக, ஒரு குழியைக்கூட நிர்ணயித்த அளவில் போடாமலே நூறுக்குள் வந்துவிடலாம். நாலு அடி, ஐந்து அடி கூடிப்போகிற இரண்டொரு பாழும் குழிகளை மட்டும் தவிர்த்தால் போதும். "நல்லா ஆடணும்னு இல்ல மதினி, ரொம்ப மோசமா ஆடாம இருக்கணும், அதான் இந்த வருஷ திட்டம்" என்றாள். இதைக் கேட்டதும் எனக்கு இந்த விளையாட்டின்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இரண்டாவது வரி: "ஹேண்டிகேப் 36-லிருந்து 30."

இதுதான் இந்த ஆட்டத்தின் தனிச் சங்கதி. டென்னிஸிலோ கேரம்போர்டிலோ நன்றாக ஆடுகிறவரோடு புதிதாக வந்தவர் ஆடினால் பத்து நிமிஷத்தில் இருவருக்கும் சலித்துவிடும். கோல்ஃபில் அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் திறமைக்கு ஏற்ப சலுகை அடிகள் உண்டு. அந்த எண்தான் ஹேண்டிகேப். 36 சலுகை உள்ளவள் 108 அடியில் முடித்தால், கழித்துப் பார்க்க 72. 10 சலுகை உள்ள ஒருவர் 84-ல் முடித்தால், கழித்துப் பார்க்க 74. ஜெயித்தது நம்மவள்தான்! பக்கத்தில் ஆடுகிறவர் மில் முதலாளியாக இருக்கட்டும், ராணுவ அதிகாரியாக இருக்கட்டும், சொந்தக் கணவராகவே இருக்கட்டும். (அவரை இரண்டு தடவை இப்படித் தோற்கடித்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் காபி அவர்தான் போட்டாராம்.)

2020-ல் உலகம் முழுக்க ஒரே கணக்கு முறையாக இதை மாற்றினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் 54 வரை சலுகை கொடுக்கலாம். எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? கடைசியாக ஆடிய 20 ஆட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். அதில் நன்றாக ஆடிய 8 ஆட்டம் மட்டும்தான் சராசரிக்குப் போகும். மோசமான 12 ஆட்டத்தைத் தொடுவதே இல்லை. இருபது நாள் குழம்பில் எட்டு நாள் குழம்பை மட்டும் வைத்து மார்க் போட்டால் நம் வீடுகளில் எத்தனை சண்டை குறையும், யோசித்துப் பாருங்கள்!

மார்க்கைத் தானே நாணயமாக எழுதிக்கொடுப்பதும் இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம். புதருக்குள் நின்று யாரும் பார்க்காமல் ஒரு அடி கூட அடித்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரிய போட்டிகளில்கூட நம்மோடு ஆடுகிறவர் நம் அட்டையில் எழுத, நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்துப் போட்ட கணக்கில் ஓர் அடி குறைந்திருந்தால் ஆளையே ஆட்டத்திலிருந்து நீக்கிவிடலாம்.

நானும் ஒரு காலத்தில் விளையாடினவள்தான். எங்கள் தலைமுறையில் சாணார்பட்டி, கோபால்பட்டிப் பக்கம் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கிட்டிப்புள் ஆடியிருப்போம், பாண்டி ஆடியிருப்போம், பையன்களைவிடத் தூரமாகப் புள்ளை அடித்திருப்போம். பெரியவளான அன்றைக்குக் கிட்டிக்கோலை வாங்கி அடுப்பில் வைத்துவிடுவார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் உடம்பு என்பது வேலை செய்வதற்கும் பிள்ளை பெறுவதற்கும்தான் என்று ஆகிவிட்டது. 42 வயதில் மறுபடி ஒரு கோலைக் கையில் எடுத்த என் நாத்தனாரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

மூன்றாவது வரி, "உருட்டு 36." பந்து குழிக்குப் பக்கத்தில் மழமழவென்று வெட்டிய புல்தரைக்கு வந்துவிட்டால் அதை மெதுவாக உருட்டித்தான் போட வேண்டும். குழிக்கு இரண்டு உருட்டு வீதம் 18 குழிக்கு 36. அவளுக்கு இப்போது 42 ஆகிறது. ஓங்கி அடிக்கிறதில் காசும் பலமும் வேண்டும். உருட்டுவதில் இரண்டும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும், அதனால் பெண்கள் இங்கேதான் அடியைக் குறைக்க முடியும் என்பது அவள் கட்சி. எங்கள் பட்டாசாலையில் பவானி ஜமுக்காளத்தை நீளவாக்கில் விரித்து, கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்து, காலையும் மாலையும் ஐம்பது ஐம்பது உருட்டு பழகினாள். டம்ளர் வாய் நிஜக் குழியைவிடச் சின்னது. அதில் விழுந்தால் அங்கே விழாதா? என் பேரனுக்கு இதைவிட நல்ல பொங்கல் அமையவில்லை. பந்து பொறுக்கிப்போடும் உத்தியோகம்!

அத்தை திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கேட்டார்கள்: "ஏம்மா, அந்தக் குழியில போட்டா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதும்மா."

"அப்ப எதுக்குடி போடுற?"

நாத்தனார் பதில் சொல்லவில்லை. இன்னொரு பந்தை உருட்டினாள். டம்ளரில் டங்கென்று விழுந்தது. அத்தை சிரித்துவிட்டார்கள்.

நாலாவது வரிக்கு வருகிறேன். இது நம் எல்லோருக்கும் உபயோகப்படும். "வண்டியில் ஏறாமல் 18 குழியும் நடக்க வேண்டும்." மைதானங்களில் உட்கார்ந்து போகச் சின்ன பேட்டரி வண்டி வாடகைக்குக் கிடைக்கும். அதில் ஏறாமல் நடந்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை ஆகும். நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வேகநடை இல்லை, நின்று நின்று நடப்பது. ஆனாலும் மேடு பள்ளம், கையில் கோல், உடம்பை முறுக்கி வீசுதல் எல்லாம் சேரும்போது நல்ல உழைப்புதான். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு இளைக்கிற காலம். உடம்பு எடை காலில் இறங்கும்படி நடப்பது எலும்புக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஸ்வீடன் தேசத்தில் மூன்று லட்சம் கோல்ஃப்காரர்களின் கணக்கை எடுத்து 2008-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அதே வயது, அதே வசதி உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களில் இறப்பு விகிதம் 40 சதவிகிதம் குறைவு என்று கண்டார்கள். இதை வைத்து நாளைக்கே எல்லோரும் கோல் வாங்கக் கிளம்ப வேண்டாம். நடக்க முடிகிறவர்கள்தான் ஆடவே வருகிறார்கள். வெளிக்காற்று, நாலு பேர் பேச்சு, மனசில் கவலை இல்லாத நாலு மணி நேரம், இதெல்லாம்கூடச் சேர்ந்திருக்கும். அந்தக் கடைசி அயிட்டம் நம் வீடுகளில் கிடைப்பது அபூர்வம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கெடுதலும் உண்டு. இந்த ஆட்டத்தில் அதிகம் அடிபடுவது இடுப்புதான். சூடேறாத உடம்போடு முதல் பந்தை ஓங்கி அடித்தால் ஒரு வாரம் படுக்கை. அவள் ஆரம்பிக்கும் முன் பத்து நிமிஷம் தோளையும் இடுப்பையும் சுழற்றி, கோலைச் சும்மா மெதுவாக வீசிப் பார்த்துக்கொள்கிறாள். காலை ஆறு, ஆறரைக்கே ஆரம்பித்து வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறாள். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, உப்புப் போட்ட எலுமிச்சம்பழச் சாறு ஒரு பெரிய பாட்டில். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் உடனே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. இது தோட்டத்தில் வேலை செய்கிற நமக்கும் பொருந்தும். ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் வீசக்கூடாது. அவளும் எட்டு மாதம் பொறுத்துத்தான் கோலைத் தொட்டாள்.

இனி, எனக்கு இந்த ஆட்டத்தில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரே கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக். விடிகாலையிலேயே எழுந்து, ஆட்டத்தின் விதி ஒன்றும் புரியாமலே டி.வி. முன்னால் எத்தனை வீடுகளில் உட்கார்ந்திருந்தோம்! பெங்களூர்ப் பெண் அதிதி அசோக். உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர். மூன்று நாள் முடிந்தபோது இரண்டாவது இடத்தில் நின்றார். அந்த வருடம்தான் கொரோனா வந்து உடம்பு தளர்ந்து, பந்தை முன்போலத் தூரமாக அடிக்க முடியாமல் இருந்தார். மற்றவர்கள் அடியில் தாண்டிப் போன தூரத்தை எல்லாம் இவர் உருட்டில் பிடித்தார். நாலு நாளில் மொத்தம் 269 அடி. தங்கம் வாங்கிய அமெரிக்கப் பெண் நெல்லி கோர்டாவுக்கு 267. வெள்ளி, வெண்கலம் வாங்கிய மோனே இனாமிக்கும் லிடியா கோவுக்கும் 268. ஒரே ஓர் அடியில் பதக்கம் போய் நாலாவது இடம். நாலு நாள், 72 குழி, அதில் ஓர் அடி!

அன்றைக்கு நான் அதிதியை மட்டும் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்துகொண்டிருந்தாரே ஒரு அம்மா, அவரையும்தான் பார்த்தேன். அவர் அதிதியின் தாயார் மகேஸ்வரி. ஆட்டக்காரரின் பையைத் தூக்கி, கோல் எடுத்துக் கொடுத்து, யோசனை சொல்லிக் கூடவே நடப்பவருக்கு இந்த ஆட்டத்தில் "கேடி" என்று பெயர். (நம் ஊரில் அதற்கு அர்த்தம் வேறு! அதனால் பை தூக்குகிறவர் என்றே சொல்கிறேன்.) 2016-ல் ரியோ ஒலிம்பிக்கின்போது, பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலேயே ஆடப்போன பெண்ணுக்கு அப்பா பை தூக்கினார். டோக்கியோவில் அம்மா முறை. அந்தப் பெண்ணின் வீட்டில் அதற்குமுன் யாரும் கோல்ஃப் ஆடினவர்கள் இல்லை. ஐந்து வயதுக் குழந்தை ஆசைப்பட்டது என்று கர்நாடகா கோல்ஃப் சங்க மைதானத்துக்குக் கூட்டிப்போய், பெற்றவர்களும் கூடவே கற்றுக்கொண்டார்கள்.

அதே அதிதி 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கடைசி நாளைக்கு முந்தின இரவு ஏழு அடி முன்னணியில் படுக்கப் போனார். மறுநாள் 77 அடி ஆகிவிட்டது. தங்கம் நழுவி வெள்ளி. ஆசியப் போட்டி கோல்ஃபில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான் என்றாலும், அந்த ராத்திரிக்கும் மறுநாள் சாயங்காலத்துக்கும் நடுவில் ஒரு தாய் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

ஹரியானாவைச் சேர்ந்த தீக்ஷா டாகர் பிறவியிலேயே காது கேளாதவர். ராணுவத்தில் இருந்த தந்தைதான் பயிற்சி கொடுத்து, பையும் தூக்கினார். 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார் இந்தப் பெண். அப்புறம், வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போய் ஜெயித்தவர்களும் உண்டு. டில்லியில் பை தூக்கிக்கொண்டிருந்த அலி ஷேர் 1991-ல் இந்திய ஓப்பன் பட்டத்தையே வாங்கினார். கல்கத்தாவில் மைதானத்துப் புல்லைப் பராமரித்தவரின் மகன் சௌராசியா 2016, 2017 இரண்டு வருடமும் அதே பட்டத்தை வாங்கினார்.

சரி, நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். ஊர்கள்!

ஊட்டி முதலில் இருந்தது. வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், சினிமாப் பாட்டுக்களில் நாம் பார்த்துப் பழகிய அந்த மேடு பள்ளத்தில் இருக்கிற மைதானம். அங்கே ஒருமுறை ஆடிவிட்டாள், அதனால் பக்கத்தில் ஒரு டிக் அடையாளம். முட்புதருக்குள் ஆறு பந்து போச்சாம். அடுத்தது இலங்கை, நுவரெலியா. 1889-ல் தொடங்கிய கிளப், ஊருக்கு நட்டநடுவே மைதானம், சுற்றிலும் தேயிலை மலை. நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் உருவாக்கிய தோட்டங்கள் அவை. "ஆடுறனோ இல்லையோ, அங்க போயி நம்ம சனத்தைப் பாக்கணும்" என்றாள். கல்கத்தா ராயல் கிளப் 1829-ல் ஏற்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழையது அதுதான். அது பட்டியலில் இருந்தாலும், "அங்க காளி கோயிலுக்காகப் போறது, ஆட்டம் கொசுறு" என்று அத்தையைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறாள்.

கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். ஸ்காட்லாந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ்.

கோல்ஃபுக்குக் காசி மாதிரி அந்த ஊர். இத்தனை பேர் பெற்ற பழைய மைதானம் யாருடைய தனிச் சொத்தும் இல்லை, பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நாட்கள் தவிர மற்ற ஞாயிறுகளில் ஊர் ஜனம் குழந்தை குட்டிகளோடும் நாய்களோடும் அதே புல்லில் உலாவுகிறார்கள். ஆட விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்தால் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஹேண்டிகேப் சான்றைக் காட்ட வேண்டும். இரண்டாவது வரியில் அவள் ஏன் 36-ஐ 30 ஆக்கத் துடிக்கிறாள் என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே 1867-ல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். கோலைத் தோளுக்கு மேல் தூக்கி வீசுவது பெண்களுக்கு அழகல்ல என்று ஆண்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். சரி, நீங்கள் வீசிக்கொள்ளுங்கள், நாங்கள் உருட்டிக்கொள்கிறோம் என்று உருட்டுவதற்கு மட்டும் ஒரு தனி மைதானம் வாங்கிக்கொண்டார்கள். மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதற்குப் பெயர் என்ன தெரியுமா? "ஹிமாலயாஸ்"! அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. சின்னக் கட்டணம் கட்டினால் வழிப்போக்கர்கள்கூட உருட்டலாம். அதே ஊரில் இருக்கிற பெரிய ஆண்கள் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஓட்டெடுத்தது எப்போது என்கிறீர்கள்? 2014 செப்டம்பரில்! பெண்கள் சங்கம் ஏற்பட்டு 147 வருடம் கழித்து!

இதற்கெல்லாம் காசு? அதையும் கேட்டேன். கிளப் உறுப்பினராவது நம் போன்றவர்களுக்கு எட்டாத விஷயம், அதைப் பூசி மெழுக நான் தயாரில்லை. வீட்டுக்காரரின் கம்பெனி இல்லாவிட்டால் அவளும் வேலியோரம்தான். அவளிடம் உள்ள ஏழு கோலும் யாரோ ஆடிவிட்டு விற்றது. ஒருவர் 14 கோல் வரை வைத்துக்கொள்ளலாம், புதியவர்களுக்கு ஏழே போதும் என்கிறாள். பந்தும் குட்டையிலிருந்து எடுத்து விற்கிற பழைய பந்துதான். ஸ்காட்லாந்துக்கென்று தனியாக ஒரு சீட்டுப் போட்டு வருகிறாள், ஐந்து வருடச் சீட்டு. "அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கினா மருமகளுக்காவது ஆகும்" என்று என் வீட்டுக்காரர் தங்கையிடம் சொன்னார். பெண் கல்யாணத்துக்குப் போட வேண்டியதைப் போட்டுவிட்டாள், மாமியார் ஆபரேஷனுக்கும் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவள்தான். 46 வயதில் ஒருத்தி தன் பேரில் ஒரு சீட்டுப் போட்டால் அதை யாருக்கு எழுதிவைக்கப் போகிறாய் என்றுதான் வீடு கேட்கிறது. நான் அன்றைக்கு அவர் பக்கம் பேசவில்லை. சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், இருக்கட்டுமே!

ஆனால் ஒரு விஷயத்தில் நாத்தனாரோடு எனக்கு வழக்குண்டு. "நம்ம பக்கம் இவ்வளவு தரிசு கிடக்கே, ஒரு மைதானம் போட்டா நம்ம புள்ளைகளும் ஆடுமே" என்றாள். வேண்டவே வேண்டாம் தாயே! 18 குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், அந்தப் புல் பச்சையாக இருக்கத் தண்ணீர் வேண்டும். சித்திரை வைகாசியில் எங்கள் தோப்பு மாமரத்துக்கே போரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. கொடைக்கானலில் மலை மேல் மழையும் பனியும் இருக்கிறது, அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெண் பிள்ளைகள் ஓடியாட ஒரு துண்டு இடத்தை முள் வெட்டிக் கொடுத்தால் எங்கள் ஊருக்கு அதுவே பெரிது.

கொடைக்கானல் அவள் பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறது, இன்னும் டிக் போடவில்லை. இந்த வருடம் பரீட்சை லீவுக்கு என்று முடிவாகிவிட்டது. விருந்தினராகக் கட்டணம் கட்டி ஆடலாம், முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு, அதனால் பந்து சமவெளியைவிடச் சற்றுத் தூரம் போகும் என்று இப்போதே கணக்குப் போடுகிறாள். மார்கழி, தை காலையில் புல்லில் உறைபனி இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை. கோடைதான் அங்கே தோது. காட்டுமாடுகள் மைதானத்தில் வந்து மேய்வது சகஜம். அவை நகரும்வரை ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிற்க வேண்டியதுதான், கிட்டப் போகக்கூடாது. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்கும் முறை வந்தது. நீங்களும் போவதானால் புறப்படுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாணார்பட்டியிலிருந்து விடிய நாலு மணிக்குக் கிளம்பி, திண்டுக்கல், செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் போவதாக ஏற்பாடு. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் என் பொறுப்பு. அத்தை, "நானும் வர்றேன், அந்தக் குழியை நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். பேரன் பந்து பொறுக்க வருகிறான். பை தூக்க ஆள் வேண்டுமே என்றதற்கு, நாத்தனார் என் முகத்தையே பார்த்தாள்.

கோல் ஏழுதான். தூக்கிப் பார்த்தேன், கனம் ஒன்றும் அதிகமில்லை.